கையெழுத்தும் தலையெழுத்தும்



"கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இராது" என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தலையெழுத்து என்ற ஒன்றை நாம் நம்புவதில்லை. மண்டையோட்டின்மீது எவனும் எதையும் எழுதி அனுப்பவில்லை என்று ஊர்தோறும் சென்று உரைத்தவர்கள் நாம். ஆனால், மனிதனின் தலைவிதியை மெய்யாகவே எழுதுகின்ற இடம் ஒன்று இந்த மண்ணிலே இருக்கத்தான் செய்கிறது. அது வானுலகத்தில் இல்லை. ஆண்டுதோறும் மார்ச்சு மாதத்திலே மணியடித்துத் திறக்கிறார்களே, அந்தத் தேர்வுக்கூடம்! அங்கே கை ஓடினால் கல்லூரி. கை ஓய்ந்தால் கல்லுடைப்பு. கற்றது எவ்வளவு என்று அங்கே எவரும் கேட்பதில்லை. மூன்று மணி நேரத்திலே காகிதத்தில் இறங்கியது எவ்வளவு என்பதுதான் கணக்கு.

சென்ற திங்கள் ஒரு சிற்றூருக்குக் கூட்டம் பேசச் சென்றிருந்தேன். கூட்டம் முடிந்து, விளக்குகளை அவிழ்த்துக்கொண்டிருந்த வேளை. கிளைச் செயலாளர் தம் மகனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுவந்து என்முன்னே நிறுத்தினார். ஒன்பதாம் வகுப்புப் பையன். தந்தையின் முகத்திலே சினம். மகனின் முகத்திலே நாணம்.

"நீங்களாவது இவனுக்குப் புத்தி சொல்லுங்கள் தோழர். நானும் இவன் தாயும் பாடுபடுவதெல்லாம் இவனுக்காகத்தான். பயலுக்கு எழுதக் கை வணங்கவில்லை. சோம்பேறி!"

நோட்டுப் புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். கோட்டின் மேலே ஓர் எழுத்து, கோட்டின் கீழே ஓர் எழுத்து. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். மூன்று வரிக்குமேல் ஓடவில்லை. நான்காவது வரியிலே பேனா அழுந்தித் தாள் கிழிந்திருந்தது. அதன் கீழே சிவப்பு மையினால் ஆசிரியர் எழுதியிருந்தார்: "கோழிக் கிறுக்கல். நூறு முறை எழுதிக் காட்டுக."

புத்தகத்தை மூடினேன். பையனைக் கேட்டேன்.

"கூட்டத்தில் இருந்தாயா?"

"இருந்தேன்."

"நான் என்ன பேசினேன்?"

குனிந்திருந்த தலை நிமிர்ந்தது. பேசத் தொடங்கினான். நாற்பது நிமிடம் நான் பேசியதை, பத்தே நிமிடத்தில், வரிசை பிறழாமல், எடுத்துக்காட்டு ஒன்றையும் விடாமல், எடுத்து வைத்தான் அந்தச் சிறுவன். முடிவிலே தயங்கித் தயங்கி ஒன்று சொன்னான்: "எழுத்துச் சீர்திருத்த ஆணை 1979 என்று சொன்னீர்கள். 1978 அல்லவா? பெரியார் நூற்றாண்டை ஒட்டி வந்தது என்று படித்தேன்."

1978 தான்! ஒலிபெருக்கியின்முன் தவறியவன் நான். திருத்தியவன் அந்தச் 'சோம்பேறி'!

தந்தை வாயடைத்து நின்றார். எனக்கோ தொண்டை அடைத்தது. காரணம் உண்டு. அந்த நோட்டுப் புத்தகத்தை எனக்கு முன்பே தெரியும். அது என்னுடைய நோட்டுப் புத்தகம்!

ஆம், தோழர்களே. நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன் என்பதை நீங்கள் அறிவீர்கள். வறுமையால் விட்டான் என்பார் சிலர்; மேடை மோகத்தால் விட்டான் என்பார் சிலர். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. மூன்றாவது காரணத்தை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. பேராசிரியர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள என் விரல்களால் முடியவில்லை. பத்து வரி எழுதுவதற்குள் விரல் மரத்துப்போகும், மணிக்கட்டு இழுக்கும், எழுதியதை நானே படிக்க இயலாது. ஒரு தேர்விலே ஐந்து வினாவுக்கு விடை தெரிந்து, இரண்டுக்கே எழுதி, வெளியே வந்து வேப்பமரத்தடியிலே உட்கார்ந்து அழுதேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். அங்கே எவரும் எனக்குத் தீங்கு நினைக்கவில்லை. எவரும் என்னைக் கேட்கவுமில்லை, அவ்வளவே!

என் நாடகங்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அவற்றில் ஒன்றையேனும் நான் எழுதியதில்லை. சொன்னேன். ஒத்திகைக் கொட்டகையிலே குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டு நான் சொல்ல, நண்பர் ஒருவர் எழுதினார். அவர் கை இல்லையேல் என் நாடகம் இல்லை. அந்த நண்பரைப் போன்ற ஒரு கை, அன்று அந்தத் தேர்வுக்கூடத்தில் எனக்குக் கிடைத்திருக்குமானால்?... போகட்டும். என் கதை முடிந்த கதை. இந்தப் பையனின் கதை இனித்தான் தொடங்க வேண்டும்.

எழுதுவது என்றால் என்ன? எளிய செயல் என்று எண்ணுகிறோம், நமக்குப் பழகிவிட்டதால். கருத்தை எண்ண வேண்டும். சொல்லைத் தேட வேண்டும். அந்தச் சொல்லுக்கு எந்த லகரம், எந்த னகரம், எந்த ரகரம் என்று நினைவுகூர வேண்டும். எழுத்தின் வடிவத்தை மனத்திலே வரைய வேண்டும். விரலை அதன் வழியே செலுத்த வேண்டும். கண்ணால் கோட்டைக் காக்க வேண்டும். இவையனைத்தும் ஒரே நொடியிலே! பெரும்பாலோருக்கு எழுத்து வடிவம் தானாக ஓடும். மனம் கருத்தை மட்டும் கவனிக்கும். சில பிள்ளைகளுக்கு அது தானாக ஓடுவதில்லை. ஒவ்வோர் எழுத்தையும் புதிதாக வரைய வேண்டியிருக்கிறது. எழுத்தைப் பிடிக்கப் போனால் கருத்து ஓடிவிடுகிறது. கருத்தைப் பிடிக்கப் போனால் எழுத்து உடைந்துவிடுகிறது. மருத்துவர்கள் இதை 'டிஸ்கிராஃபியா' என்கிறார்கள். எழுதுவதில் வரும் குறைபாடு. அறிவுக் குறைபாடு அன்று!

நம் தமிழெழுத்திலே இந்தப் பிள்ளைகளுக்குத் தனித் தொல்லையும் உண்டு. 'கெ' என்று சொல்லிப் பாருங்கள். வாயிலே முதலில் வருவது ககரம். பின்னால் வருவது எகரம். தாளிலே முதலில் போடுவது கொம்பு. பின்னால் எழுதுவது ககரம். 'கொ' என்றாலோ, முன்னால் கொம்பு, பின்னால் கால், நடுவே ககரம். நாவின் ஒழுங்கு வேறு, கையின் ஒழுங்கு வேறு. நமக்குத் தெரியாமலே நாம் கடந்துவிடுகிற இந்த இடம், அந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு வரியிலும் ஒரு தடைக்கல்.

இத்தகைய பிள்ளையை "நூறு முறை எழுது" என்பது, கால் ஊனமுற்றவனை "நூறு முறை ஓடு" என்பதற்கு ஒப்பாகும். ஓடினால் கால் வளராது, உள்ளந்தான் ஒடியும்.

"எழுதத் தெரியாதவனுக்கு ஏன் பட்டம்?" என்று கேட்போர் உளர். அவர்களிடம் ஒன்று கேட்பேன். மகாபாரதத்தை வியாசர் சொல்ல, விநாயகர் தந்தத்தை ஒடித்து எழுதினார் என்று கதை சொல்கிறார்களே! கதையை நான் நம்பவில்லை, நம்புகிறவர்களைத்தான் கேட்கிறேன். சொன்னவருக்குத்தானே பெருமை தந்தீர்கள்? "வியாசரே, உம் கைப்பட எழுதாததால் உமக்குச் சுழியம்" என்று எவராவது சொன்னதுண்டா?

கதையை விட்டு வரலாற்றுக்கு வருவோம். சாக்ரடீசு ஒரு நூலும் எழுதி வைத்துச் செல்லவில்லை, பேசினார், பிளேட்டோ எழுதினார். பார்வை இழந்த மில்டன், 'இழந்த சொர்க்கம்' என்னும் பெருங்காப்பியத்தைப் பிறர் கையால் எழுதுவித்தார்; 1667-இல் அது வெளிவந்தது. நம் நாட்டிலே, சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாடல்களைச் சொல்லிக்கொண்டே போக, மாணவர்கள் ஏட்டில் எழுதிக்கொண்டே வந்தனர். ஏடெழுதிய கையை எவரும் இழிவாகக் கருதவில்லை. சொன்ன வாயை எவரும் ஐயுறவுமில்லை.

இன்னொரு குரலும் எழும். நமக்குப் பழகிய குரல். "சலுகை கொடுத்தால் தகுதி என்னாவது? திறமை என்னாவது?" இந்தப் பாட்டை எத்தனை தலைமுறையாகக் கேட்டு வருகிறோம்! மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு தேர்வு எழுதுகிறவனைப் பார்த்து, "இவன் சலுகை பெற்றவன், கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தகுதியைக் காட்டட்டும்" என்று எவரும் சொல்வதில்லை. கண்ணுக்குக் கண்ணாடி என்றால், கைக்கு ஒரு கை. கண்ணாடி அவனுக்கு விடையைச் சொல்லித் தருவதில்லை, வினாத்தாளைக் காட்டுகிறது. எழுத்தரும் அப்படியே. விடை பிள்ளையுடையது, மை மட்டும் பிறருடையது.

போலிகள் புகுந்துவிட மாட்டார்களா? புகக்கூடும். பணம் படைத்தவன் பொய்ச் சான்று வாங்கக்கூடும். அதற்கு மருந்து, சான்றைச் சரியாக ஆராய்வது. மெய்யாகவே வாடுகிற பிள்ளையை வாயிலிலே தடுப்பது மருந்தாகாது.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் நீங்கள் செவி சாய்க்க வேண்டும். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்திலே ஏழு வகைக் குறைபாடுகளுக்கே இடம் இருந்தது. கற்றல் குறைபாடு அதில் இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 வகையாக விரித்தது. கற்றல் குறைபாடும் அதிலே சேர்ந்தது. 2017 ஏப்ரல் முதல் அது நடப்பில் இருக்கிறது. அதன் 16-ஆம் பிரிவு, கற்றல் குறைபாட்டை இளமையிலேயே கண்டறிந்து ஆவன செய்யப் பள்ளிகளைப் பணிக்கிறது. 17-ஆம் பிரிவு, தேர்வு முறையையே மாற்றியமைக்கச் சொல்கிறது: கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு. 2018-இல் நடுவண் அரசு விடுத்த வழிகாட்டு நெறிகள், மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாமல் கூடுதல் நேரம் தரச் சொல்லின. கணினியில் விடையளிக்கவும், விடைகளைப் பேசிப் பதிவு செய்யவும்கூட வழி வகுத்தன. நம் மாநிலத் தேர்வுத் துறையும் பொதுத்தேர்வு எழுதும் இத்தகைய பிள்ளைகளுக்குச் சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரக் கூடுதல், மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைத் தருகிறது.

ஏட்டிலே இருக்கும் உரிமை, நாட்டிலே எளிதாக நடந்துவிட்டதா? இல்லை. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோயுள்ள ஓர் இளைஞருக்கு, ஆட்சிப் பணித் தேர்விலே எழுத்தர் மறுக்கப்பட்டார். அவர் உச்ச நீதிமன்றம்வரை சென்றார். 2021 பிப்ரவரி 11 அன்று நீதி கிடைத்தது. நாற்பது விழுக்காடு குறைபாடு என்ற அளவுகோலைக் காட்டி எழுத்தரை மறுக்கலாகாது என்றது மன்றம். அதே ஆண்டு, மருத்துவப் படிப்புக்கான 'நீட்' தேர்விலே, எழுதுதல் குறைபாடு கொண்ட ஒரு மாணவிக்குச் சேர வேண்டிய கூடுதல் ஒரு மணி நேரத்தைத் தராமல் விடைத்தாளைப் பறித்துக்கொண்டனர். நவம்பரிலே உச்ச நீதிமன்றம் அது அநீதி என்று உரைத்தது. ஆனாலும் மறுதேர்வு கிடைக்கவில்லை. வேறு பரிகாரம் காணுமாறு தேர்வு முகமைக்குச் சொல்லப்பட்டது. ஒரு மணி நேரம்! அதைத் தேர்வுக்கூடத்தில் தர மனம் வராதவர்களுக்கு, உச்ச நீதிமன்றத்தில் பல மணி நேரம் வாதாட மட்டும் மனம் வந்தது.

அந்த இளைஞருக்கு உச்ச நீதிமன்றத்தின் படியேற முடிந்தது. அந்த மாணவிக்கு முடிந்தது. நம் கிளைச் செயலாளரின் மகனுக்கு? 'டிஸ்கிராஃபியா' என்ற சொல், நகரத்துப் பெரும் பள்ளியிலே படிக்கும் பிள்ளையின் பெற்றோருக்குத் தெரிகிறது. நம்மூரிலே அதே குறைபாட்டுக்கு வேறு பெயர்கள்: சோம்பேறி, மக்கு, உருப்படாதவன். உரிமை இருப்பது ஒன்று. அதன் பெயர் தெரிந்திருப்பது மற்றொன்று. பெயர் தெரியாத உரிமை, பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் சோறு.

"எல்லாருக்கும் கணினி வந்துவிட்டதே, பேனாவைத் தூக்கி எறிந்துவிட்டுத் தட்டச்சு செய்யட்டுமே" என்று கேட்பீர்கள். நல்ல வழிதான், ஆனால் மந்திரக்கோல் அன்று. பேனாவில் தடுமாறும் விரல்களில் சில, விசைப்பலகையிலும் தடுமாறும். எந்த விசை எங்கே என்று தேடியே களைத்துப்போகும். தேர்வு நாளன்று திடீரென்று ஒரு கணினியை முன்னே வைப்பது, நீந்தத் தெரியாதவனுக்கு நடு ஆற்றிலே படகைக் கொடுத்துத் துடுப்பைக் கொடுக்காத கதை. ஆறாம் ஏழாம் வகுப்பிலேயே, நாள்தோறும் சிறிது நேரம், பொறுமையாகப் பழக்க வேண்டும்.

அப்படிப் பழக்குவதற்குத் தமிழிலே நல்ல கருவி இருக்கிறது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் பயனாக வந்த 'தமிழ் 99' விசைப்பலகை அது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று, ஆக 31 விசைகளில் 247 எழுத்துகளும் அடக்கம். உயிர்கள் இடக்கைப் பக்கம்; மெய்கள் வலக்கைப் பக்கம். 'கெ' வேண்டுமா? ககரத்தைத் தட்டி எகரத்தைத் தட்டினால் போதும்; கொம்பு தானே முன்னால் போய் நிற்கும். நாவின் ஒழுங்கே கையின் ஒழுங்கு! பேனாவிலே எது தடைக்கல்லாக இருந்ததோ, அது இங்கே விலகிவிடுகிறது. அதுவும் இயலாத பிள்ளைக்கு, பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் வசதி தமிழுக்கும் வந்துவிட்டது. வீட்டுப் பாடத்துக்கு அதைப் பயன்படுத்தலாம். ஒரு பிள்ளைக்குப் பேனா, ஒரு பிள்ளைக்குக் கணினி, ஒரு பிள்ளைக்கு எழுத்தர். எது பொருந்தும் என்பதை அந்தப் பிள்ளையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

இதிலே நமக்கொரு தனிக் கடமை உண்டு என்பேன். ஏன்? 1935-இல் 'குடிஅரசு' ஏட்டிலே பெரியார் எழுத்தைச் சீர்திருத்தினார். துதிக்கை போட்ட லையையும் ளையையும் மாற்றினார். சுழித்து எழுதிய ணாவையும் றாவையும் னாவையும் நேராக்கினார். அச்சுக்கு எளிமை, கற்போருக்கு எளிமை என்று காரணம் காட்டினார். 43 ஆண்டுகள் கழித்து, அந்தச் சிறுவன் என்னைத் திருத்தினானே, அந்த 1978-இல், அரசு அதை ஆணையாக்கியது. ஈராயிரம் ஆண்டு மொழியின் எழுத்தையே எளிமைக்காக மாற்றத் துணிந்த மண் இது. தேர்வுக்கூடத்தின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் தள்ளி வைக்க அஞ்சலாமா? அச்சுக்கோக்கும் ஈயத்துக்கு இரங்கினோம்; அழுதுகொண்டிருக்கும் பிள்ளைக்கு இரங்கக் கூடாதா?

என்ன செய்யலாம்? சொல்கிறேன்.

முதலாவது, அடிக்காதீர்கள், அடிக்க விடாதீர்கள். எழுத்து கோணிய பிள்ளை எல்லாம் குறைபாடுள்ள பிள்ளை என்று நான் சொல்லவில்லை. சிலருக்குப் பயிற்சி போதாது. சிலருக்குக் கண் தெரியாது. சிலருக்குப் பேனா பிடிக்கும் முறை தவறு. ஆனால், வாயால் தெளிவாகச் சொல்லும் பிள்ளை, தாளிலே திணறுமானால், அங்கே கவனம் வேண்டும். கண்ணைச் சோதியுங்கள். வட்டார வள மையத்திலே சிறப்பாசிரியர் இருக்கிறார். அவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது, ஆசிரியரிடம் பேசுங்கள். சண்டைக்குப் போகாதீர்கள், ஐம்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரும் அல்லாடுகிறார். கரும்பலகையில் உள்ளது அனைத்தையும் இந்தப் பிள்ளை எழுதத்தான் வேண்டுமா? மற்றொரு பிள்ளையின் குறிப்பைப் படியெடுத்துத் தரலாகாதா? பத்து வரிக்குப் பதில் நான்கு வரி போதாதா? மீதியை வாயால் கேட்கலாகாதா? அகன்ற கோடு போட்ட தாள், பிடிக்க எளிதான தடித்த பென்சில், கால் தரையில் படும்படியான இருக்கை. இவற்றுக்குக் கோடி ரூபாய் வேண்டியதில்லை.

மூன்றாவது, காலம் தவறாதீர்கள். தேர்வுக்கு முதல் நாள் ஓடினால் கதவு திறக்காது. ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். அரசு மருத்துவக் குழுவின் சான்று பெற்று, தலைமையாசிரியர் வழியாகத் தேர்வுத் துறைக்கு விண்ணப்பம் போகட்டும். போனதா என்று கேளுங்கள். ஆணை வந்ததா என்று மறுபடி கேளுங்கள். எழுத்தரோடு முன்கூட்டியே பயிற்சி வேண்டும். சொல்லி எழுதுவிப்பதும் ஒரு கலை. நாடகக்காரன் சொல்கிறேன், நம்புங்கள்!

தோழர்களே, இந்த வேலை நமக்குப் புதிதன்று. நம் இயக்கம் வளர்ந்த கதையை எண்ணிப் பாருங்கள். படிப்பகத் திண்ணையிலே ஒருவர் ஏட்டை உரக்கப் படிக்க, படிக்கத் தெரியாத பத்துப் பேர் சுற்றியமர்ந்து கேட்டனர். அங்கே ஒருவரின் கண், பத்துப் பேருக்குக் கண்ணாயிற்று. இன்றும் திங்கட்கிழமைதோறும், ஆட்சியர் அலுவலகத்து மரத்தடியிலே, முதியோர் உதவித்தொகை கேட்டு வரும் பாட்டி சொல்லச் சொல்ல, மனு எழுதித் தருகிறவர் யார்? நீங்கள்தாமே! "உனக்கு எழுதத் தெரியவில்லை, ஆகவே உனக்குப் பசி இல்லை" என்று எந்தப் பாட்டியிடமாவது சொன்னீர்களா? அவள் சொன்னாள், நீங்கள் எழுதினீர்கள், கையொப்பத்துக்குப் பதில் அவள் கட்டைவிரலை வைத்தாள், மனு செல்லுபடியாயிற்று. அதே நீதியைத்தான் அவள் பேரனுக்குக் கேட்கிறேன்.

அன்றிரவு, வண்டி ஏறும்முன், கிளைச் செயலாளர் என் அருகே வந்தார். நெடுநேரம் பேசாமல் நின்றார். பிறகு, "நேற்றுக்கூட அவனை அடித்தேன் தோழர்" என்றார். குரல் உடைந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பையன் சற்றுத் தள்ளி நின்றான். தந்தை திரும்பி அவனிடம், "நாளைக்குத் தலைமையாசிரியரைப் பார்க்கப் போவோம். நீ சொல்லு, நான் மனு எழுதுகிறேன்" என்றார்.

மேடையிலே நான் அன்று பேசிய பேச்செல்லாம் அந்த ஒரு வாக்கியத்தின்முன் எம்மாத்திரம்!

உங்கள் கிளையிலும் அப்படி ஒரு பிள்ளை இருப்பான், அல்லது இருப்பாள். கடைசி வரிசையிலே, நோட்டுப் புத்தகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு. மார்ச்சு வருவதற்குள் தேடிக் கண்டுபிடியுங்கள். அந்தப் பிள்ளை சொல்லட்டும், நாம் எழுதுவோம்!